சும்மா கிடந்த நிலம்

சேலம், நாமக்கல் சமவெளியின் நெசவூர்களில் ‘பாவடி’ என்றொரு சொல் வழங்கி வருகிறது. தறியில் ஏற்றுவதற்கு முன் நெடுநீளப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, பெரிய தூரிகையால் சீவி, வெயில் ஏறுமுன் ஆற்றி எடுப்பதற்காக ஊரார் பொதுவில் விட்டுவைத்த திறந்த வெளிக்கு அது பெயர். அந்நிலம் எந்த ஒரு வீட்டுக்கும் சொந்தமன்று. எல்லா வீட்டுக்கும் அதில் பங்குண்டு. விடியற்காலையில் பாவு ஓடிய இடத்தில் நண்பகலில் ஆடு மேயும். மாலையில் பிள்ளைகள் ஆடுவார்கள். திருவிழாக் காலத்தில் கூத்தும் நாடகமும் நடக்கும்.

பிறகு ஆலையில் சுற்றிய பாவு வந்தது, விசைத்தறி வந்தது. பாவு ஆற்றும் வேலை ஊர்வெளியை விட்டுப் போயிற்று. நிலம் மட்டும் கிடந்தது. அன்றுதொட்டு அதைப் பற்றி ஒரு புதுப் பேச்சு பிறந்தது: “சும்மாதானே கிடக்கிறது!”

தாரமங்கலத்தைத் தாண்டி, நங்கவள்ளிக்கு அண்மையில் அமைந்த ஜலகண்டாபுரமும் தறியால் வாழ்ந்த பேரூர்களுள் ஒன்று. நாடகாசிரியர் ப. கண்ணனின் பெயரோடு சேர்ந்து தமிழகம் முழுவதும் அறிமுகமான ஊர். இத்தகைய பேரூர்களில் சந்தைப்பேட்டை, மந்தைவெளி, களம், ஏரிக்கரை எனப் பொதுவில் கிடக்கும் நிலங்களைச் சுட்டும் சொற்கள் பல. அரசாங்கக் கணக்கில் இவற்றுக்கெல்லாம் ஒரே பெயர்தான்: புறம்போக்கு. வரி விதிப்புக்குப் புறம்பாக வைக்கப்பட்டது என்பதே அதன் பொருள். மதிப்பு மிக்க அந்தச் சொல் ஒருவரை ஏசுவதற்குரிய வசவாக மாறிவிட்டது என்பதிலிருந்தே, பொதுநிலத்தை நாம் எந்தக் கண்கொண்டு பார்க்கிறோம் என்பது விளங்கும்.

ஊர்ப்பொதுவான பசுமை வெளியில் பேரங்காடி எழுப்ப முனைவதும், குடியிருப்போர் அதனை எதிர்ப்பதும் அண்மைக் காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் உண்டு. வரலாறு வேறுவிதமாகக் கூறுகிறது. நம் சமுதாயத்து வாசகர்கள் நன்கறிந்த ஒரு நகரிலேயே ஏறத்தாழ 1280 ஆண்டுகளுக்கு முன் இச்சச்சரவு நிகழ்ந்திருக்கிறது. அந்நகரம் மதீனா.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் முஸ்லிம்களுக்கென ஒரு சந்தையை ஏற்படுத்தியபோது அதைத் திறந்த வெளியாகவே விட்டார்கள். அங்கே நிலையான கடை கட்டலாகாது; வணிகரிடம் வரி வாங்கலாகாது. காலையில் முதலில் வந்தவர் விரும்பிய இடத்தில் சரக்கை இறக்கலாம். எழுந்து செல்லும்வரை அது அவருக்குரிய இடம். மறுநாள் அதே இடத்துக்கு அவர் உரிமை கொண்டாட முடியாது. பள்ளிவாசலில் தொழுகை வரிசைக்கு எது நியதியோ அதுவே சந்தைக்கும் நியதி என்பது தொடக்க கால வழக்கு. கலீபா உமர் (ரலி) அவர்கள் சந்தையில் ஒரு கொல்லர் உலை அமைத்திருந்ததைக் கண்டு, அதை அங்கேயே இடித்துத் தள்ளினார்கள் என்று மதீனாவின் வரலாற்றை எழுதியோர் குறித்திருக்கின்றனர். கொல்லர் மீது அவர்களுக்குப் பகையில்லை. இன்று ஓர் உலை என்றால், நாளை அதற்கொரு கூரை வரும். மறுநாள் அக்கூரைக்கு ஓர் உரிமையாளர் வந்துவிடுவார்.

உமையாக்கள் ஆட்சியில் அந்த எச்சரிக்கை தளர்ந்தது. சந்தை நிலத்தில் கட்டடங்கள் எழலாயின. கலீபா ஹிஷாம் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி 724-743) காலத்தில், அவருடைய தாய்வழி உறவினரும் மதீனாவின் ஆளுநருமாயிருந்த இப்ராஹீம் இப்னு ஹிஷாமின் யோசனைப்படி, சந்தை வெளியை வளைத்து ஒரு பெருங்கட்டடம் எழுந்தது. கீழே கடைகள், மேலே வாடகைக் குடியிருப்பு. இன்றைய வணிக வளாகம் எதுவோ அதுவேதான். மதீனா மக்கள் அன்று வாய்மூடி இருந்தனர். ஆட்சியாளரின் கட்டடத்தை எதிர்க்க யாருக்குத் துணிவு வரும்? 743இல் ஹிஷாம் மறைந்த செய்தி நகருக்குள் வந்தது. மக்கள் திரண்டு சென்று கட்டடத்தைத் தகர்த்தார்கள். சந்தை மீண்டும் வெட்டவெளியாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டில் மதீனாவில் வாழ்ந்து அந்நகரின் வரலாற்றை விரிவாகத் தொகுத்த ஸம்ஹூதி இமாம் இச்செய்தியைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்நகரத்தார் வணிகத்தை வெறுத்தவர்கள் அல்லர். வணிகமே அவர்களுள் பலருக்கு வாழ்வு. அதனால்தான், கூடையைச் சுமந்து வரும் எளியவர் வாடகை கொடுக்காமல் அமரக்கூடிய வெளி போய்விட்டால் என்னவாகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த நம் குடும்பங்கள் இதை மனத்திலிருத்தி மேலே படிக்கலாம். பொதுவெளியைக் காக்கப் புறப்படுகிறவரைக் கடைக்காரர்களின் எதிரி என்று தூற்றுவது எல்லாக் காலத்திலும் நடப்பதே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். லக்னௌ நகரின் அமீனாபாத் கடைத்தெருவை அறியாதவர் குறைவு. அவத் அரசர் அம்ஜத் அலி ஷா (ஆட்சி 1842-1847) காலத்தில் அமைச்சராயிருந்த இம்தாத் ஹுசைன் கான் என்னும் அமீனுத்தௌலாவின் பெயரால் எழுந்த பகுதி அது. சிக்கன் பூவேலைத் துணி, அத்தர், புத்தகம், கபாப் என எல்லாம் விற்கும் நெரிசல் மிக்க அத்தெருக்களின் நடுவே ஒரு பூங்கா இருந்தது. அமீனுத்தௌலா பூங்கா என்பது அதன் முறையான பெயர். விடுதலைப் போராட்ட நாள்களில் அங்கே கொடியேற்றிக் கூட்டங்கள் நடத்தியதால் மக்கள் அதை ஜண்டேவாலா பூங்கா என்றே அழைத்தனர். 1913இல் அரசாங்கம் அந்நிலத்தைக் கையகப்படுத்திப் பராமரிப்புக்காக நகராட்சியிடம் ஒப்படைத்தது.

எண்பது ஆண்டுகள் கழிந்தன. 1993 நவம்பர் 4ஆம் நாள் லக்னௌ மாநகராட்சியான நகர் மகாபாலிகா, எம்.ஐ. பில்டர்ஸ் என்ற தனியார் கட்டுமான நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. பூங்காவின் அடியில், நிலத்தைத் தோண்டி, ஒரு வணிக வளாகம் கட்ட வேண்டும். கட்டும் செலவை நிறுவனம் ஏற்கும். கடைகளை ஒதுக்கீடு செய்து செலவையும் இலாபத்தையும் எடுத்துக்கொள்ளும். பூங்கா என்னவாகும் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் கவனிக்கத்தக்கது: பூங்கா மேலே அப்படியே இருக்கும், கடைகள்தாம் கீழே போகின்றன, அமீனாபாத்தின் நெரிசலும் குறையும்.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் பேச்சு இது. ஆனால் மொட்டை மாடியில் கொட்டிய மண்ணில் புல் முளைக்கும். வேரோடும் பெருமரம் நிற்காது. காலடியில் கான்கிரீட் கூரையை வைத்துக்கொண்டு அதைப் பூங்கா என்பது, ஏட்டில் எழுதிய கரும்பைக் காட்டி இனிப்பு என்பது போன்றதே. நகரவாசிகள் அதை ஏற்கவில்லை. அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் லக்னௌ கிளையில் ரிட் மனுக்கள் தாக்கலாயின. கட்டுவதானால் கட்டுகிறவரின் சொந்தப் பொறுப்பில்தான் என்று நீதிமன்றம் இடைக்காலத்தில் எச்சரித்தது. வேலை நிற்கவில்லை. கட்டி முடித்துவிட்டால் இடிக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது என்ற கணக்கு இத்தகையோரிடம் எப்போதும் உண்டு. பல ஊர்களில் அந்தக் கணக்கு பலித்தும் இருக்கிறது.

1994 ஆகஸ்டு 23இல் உயர்நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லாதென்றும் பூங்காவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் சென்றது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1999 ஜூலை 26இல், நீதிபதிகள் எஸ். சகீர் அகமது, டி.பி. வாத்வா ஆகியோர் அமர்வு தன் முடிவைக் கூறியது. அத்தீர்ப்பு கண்ட குறைகள் ஒவ்வொன்றும் எந்தப் பேரூராட்சிக்கும் பொருந்தக்கூடியவை. பல கோடி பெறும் நிலத்தைக் கொடுக்குமுன் ஒப்பந்தப்புள்ளி கோரவில்லை. நிறுவனம் அடையப்போகும் இலாபம் எவ்வளவு என்று மகாபாலிகா கணக்கிட்டுப் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தின் விதிகள் ஒரு பக்கமே சாய்ந்திருந்தன. பூங்காக்களைப் பராமரிப்பதும் மரம் வளர்ப்பதும் மகாபாலிகாவின் கட்டாயக் கடமை என்று சட்டமே சொல்லியிருக்க, அந்தக் கடமையை நிறைவேற்ற இயலாதபடி மகாபாலிகா தன் கையைத் தானே கட்டிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பூங்காவுக்கு மகாபாலிகா காப்பாளரே தவிர உரிமையாளர் அன்று. மக்களின் பொருட்டு நம்பிக்கையில் ஒப்படைக்கப்பட்ட சொத்தை அது இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்க இயலாது.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று செல்ல வேண்டும். ‘பொது நம்பிக்கைக் கோட்பாடு’ என்று சட்ட நூல்கள் இதற்குப் பெயர் சூட்டி, ரோமானியச் சட்டத்திலிருந்து வரலாறு கூறும். நம் வீடுகளில் அதற்கு அமானிதம் என்று பெயர். வக்ஃபு நிலத்தின் முதவல்லி அதன் வருமானத்தைச் சேகரிக்கலாம், மதிலைப் பழுதுபார்க்கலாம், மரம் நடலாம். தன் சொத்தைப்போல் விற்க முடியாது என்பதை நம்மூர்ப் பாட்டிமாரும் அறிவர். முதவல்லி பிழை செய்தால் தட்டிக் கேட்கும் உரிமை ஜமாஅத்தாருக்கு உண்டு என்பதும் தெரியும். பேரூராட்சித் தலைவரும் செயல் அலுவலரும் ஊர்ப் பொதுநிலத்துக்கு முதவல்லிகளே. நாம் பள்ளிவாசல் நிலத்தில் காட்டும் விழிப்பில் காற்பங்கை மந்தைவெளியில் காட்டியதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, நிலத்தடி வளாகத்தின் நான்கு பகுதிகளில் ஒன்று, இரண்டு, நான்கு எனக் குறிக்கப்பட்ட மூன்றையும் இடித்து அவ்விடங்களில் பூங்காவை முன்போல் அமைக்க வேண்டும் என்பது. மூன்றாம் பகுதி மட்டும், கடைத் தடுப்புச் சுவர்களை நீக்கி, வாகனங்கள் நிறுத்துமிடமாக மாற்றப்பட வேண்டும். வாகன நிறுத்துமிடம் அமைப்பதும் சட்டப்படி மகாபாலிகாவின் கடமைகளுள் ஒன்றாயிருந்ததே அதற்குக் காரணம். செலவழித்தாயிற்றே, கட்டியாயிற்றே என்ற முறையீட்டை நீதிபதிகள் ஏற்கவில்லை. சட்டத்துக்குப் புறம்பான கட்டடத்துக்கு இரக்கம் காட்டினால், அடுத்தவனும் அதையே செய்வான் என்பது அவர்கள் கருத்து. முற்றுப்பெறும் நிலையிலிருந்த ஒரு வணிக வளாகத்தை, ஒரு பூங்காவின் பொருட்டு, இடிக்கச் சொன்ன துணிவு நம் நாட்டு நீதி வரலாற்றில் அடிக்கடி காண்பதன்று.

அமீனாபாத்துக்கு முன்பே பெங்களூர் ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது. அங்கே ராஜமகால் விலாஸ் விரிவுப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை 1976இல் ஒரு தனியார் அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்ட வழங்கினார்கள். குடியிருப்போர் வழக்குத் தொடுத்தனர். மருத்துவமனை நல்ல காரியந்தானே, அதை எதிர்ப்பதா என்ற கேள்வி எழாமலா இருக்கும்? 1991 ஜூலை 19இல் உச்ச நீதிமன்றம் குடியிருப்போர் பக்கமே தீர்ப்பளித்தது. திட்டத்தில் பூங்கா என்று குறித்தது பூங்காவாகவே இருக்க வேண்டும். அப்பகுதியில் வாழ்வோர் அதற்காக நீதிமன்றம் ஏறும் உரிமை உடையவர்கள். மருத்துவமனைக்கே இடமில்லை என்றால் பேரங்காடிக்கு ஏது?

இவ்விரு வெற்றிகளுக்கும் மாறாக, யாரும் எதிர்க்காமல் ஒரு பெரும் பசுமைவெளி கரைந்துபோன கதை நம் தமிழகத் தலைநகரிலேயே இருக்கிறது. 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரவெல்யன் பொதுமக்களுக்கென்று ஒரு பூங்காவை வகுத்தார். பீப்பிள்ஸ் பார்க் என்பது பெயர். 116 ஏக்கர் பரப்பு. உள்ளே குளங்கள், நெடிய பாதைகள், பிற்பாடு ஒரு விலங்குக் காட்சிசாலை. அதன் ஓரத்தில் விக்டோரியா மண்டபம் எழுந்தது. 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. 1913இல் ரிப்பன் மாளிகை. பிறகு விளையாட்டரங்கம். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் வேண்டியதே. ஒவ்வொன்றுக்கும் மக்களிடம் நன்றியும் இருந்தது. கூட்டிப் பார்த்த ஒருவரும் இல்லை.

மூர் மார்க்கெட்டைப் பற்றிக் குறை சொல்ல நமக்கு நாக்கு எழாது. பழைய புத்தகத்துக்காக அதன் தாழ்வாரங்களில் அலைந்த தலைமுறை நம்முடையது. அங்கே கடை வைத்துப் பிழைத்தவர்களில் நம் சமுதாயத்தார் பலர். ஆயினும் அது பூங்காவில் கட்டிய சந்தைதான். 1985 மே 30இல் அது தீக்கிரையானது. அந்நிலத்தில் புறநகர் இரயில் நிலையம் எழுந்தது. கடை இழந்தவர்களுக்கு மாற்றிடம் எங்கே கொடுத்தார்கள் தெரியுமா? அதே பூங்காவில் எஞ்சியிருந்த அல்லிக்குளத்தைத் தூர்த்து, அதன்மேல் வளாகம் எழுப்பி! பூங்காவில் சந்தை, சந்தை போனதும் குளத்தில் சந்தை. விலங்குக் காட்சிசாலையும் அதே 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டது. இன்று மை லேடீஸ் பூங்கா என்ற பெயரில் ஒரு துண்டு எஞ்சியிருக்கிறது. அது எதனுடைய துண்டு என்பது அங்கே போய் உட்காருவோரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெளிநாட்டிலும் நிலைமை இதுவே. இஸ்தான்புல்லில் 1806இல் கட்டப்பட்ட பீரங்கிப் படை முகாமை 1940இல் இடித்து, அவ்விடத்தில் கெஸி பூங்காவை உண்டாக்கினார்கள். 2013 மே இறுதியில், அம்முகாமைப் பழைய வடிவில் எழுப்பி வணிக வளாகம் அமைக்கும் திட்டத்திற்காக மரங்களைப் பெயர்க்க எந்திரங்கள் வந்தன. சிலர் மரத்தடியில் போய் உட்கார்ந்தனர். அவர்களை விரட்டிய முறையால் நாடெங்கும் கிளர்ச்சி பரவி உயிர்கள் பலியாயின. பூங்கா தப்பியது. அந்தக் கிளர்ச்சியின் அரசியலைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. அதற்குள் நாம் புக வேண்டியதில்லை. அன்று முதல்நாள் அங்கே அமர்ந்தவர்கள் காக்க வந்தது சில நூறு மரங்களை என்பது மட்டும் நமக்குப் போதும்.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது, கையகப்படுத்த வருவோர் எங்கும் ஒரே வாசகத்தைச் சற்றே மாற்றிச் சொல்வது புலப்படுகிறது. மதீனாவின் வெளி வாடகை தராமல் கிடந்தது. லக்னௌ பூங்கா நெரிசலுக்கு உதவாமல் கிடந்தது. சேலத்துப் பாவடி பாவு ஓடாமல் கிடக்கிறது. நம் பெருநாள் தொழுகைத் திடலைப் பாருங்கள். ஆண்டுக்கு இருமுறை ஒரு மணி நேரம். எஞ்சிய நாளெல்லாம் வெறுமை. வருமானக் கணக்கு எழுதுகிறவருக்கு அதைவிடச் சும்மா கிடக்கும் நிலம் வேறுண்டா? ஆயினும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அதை ஆண்டு முழுதும் காலியாக வைத்திருக்கிறோம். மழைநீர் இறங்கவும், பிள்ளைகள் ஓடவும், முதியோர் மாலையில் கால் நீட்டி உட்காரவும் ஓரிடம் காலியாக இருப்பதுதான் அதன் பயன். பேரங்காடிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் விலைகொடுத்து வாங்கிய மனை போதும். தறிகாரர் வீட்டுப் பிள்ளைக்கு விளையாட விலைக்கு வாங்கிய மனை எங்கே இருக்கிறது?

சட்டம் இப்போது குடிமக்களுக்குச் சில கருவிகளைத் தந்திருக்கிறது. பஞ்சாபில் ஒரு கிராமக் குளம் பற்றி எழுந்த வழக்கில் 2011 ஜனவரி 28இல் உச்ச நீதிமன்றம், ஊர்ப்பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. வடநாட்டுப் பெயர்களோடு நம் மந்தைவெளியையும் புறம்போக்கையும் களத்தையும் அத்தீர்ப்பு பெயர் சொல்லியே குறிப்பிட்டது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலாகப் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்த வெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி, உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். பணம் கட்டித் தப்ப இயலாது.

புதிது புதிதாக நகர்கள் பிரியும் ஜலகண்டாபுரத்தைப் போன்ற பேரூர்களில், மனை விற்றவர் காட்டிய வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டிய கட்டம் ஒன்று இருக்கும். அது தானப் பத்திரமாகப் பதிவாகியிருக்கிறதா என்று மனை வாங்கியவர்கள் பார்ப்பது அரிது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் எழுதினால் பேரூராட்சி அலுவலகம் அதற்கு முப்பது நாளில் பதிலளித்தாக வேண்டும். பழைய பாவடியும் களமும் எந்தப் புல எண்ணில், எந்த வகைப்பாட்டில் இருக்கின்றன என்பது கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். லக்னௌவில் வழக்குத் தொடுத்தவர்களின் கையிலும் முதலில் இருந்தவை இத்தகைய காகிதங்களே: 1913இல் நிலத்தை எடுத்த விவரம், 1993இல் செய்த ஒப்பந்தத்தின் நகல்.